வள்ளியம்மையின் கையில் கொடி எதற்கு?

ஐயா,

2015இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில், பிரிட்டிஷ் காலனியாதிக்கத்தின் அடையாளமான செசில் ரோட்ஸின் சிலையை அகற்றிய நாளன்று, செதெம்பிலே எம்செசானே என்ற கலைஞர் கைகளில் சிறகு கட்டிக்கொண்டு பீடமொன்றில் நின்ற படத்தைப் பார்த்தேன். அது கலையா, வெறும் எதிர்ப்பா? அதே மாதம் ஜொகானஸ்பர்க்கில் காந்தி சிலைமேல் வெள்ளைப் பெயிண்ட் ஊற்றினார்களே, அதுவும் கலைதானா? பிறர் சிலைகளைக் குறைசொல்வதை விட்டு, நம் தில்லையாடி வள்ளியம்மைக்குக் கையில் கொடியோடு ஒரு பெரிய வெண்கலச் சிலையை டர்பனில் நாம் எழுப்பினால் என்ன?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

பெயிண்ட் ஊற்றியது கலையல்ல. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எம்செசானே செய்தது கலை. 1934 முதல் ரோட்ஸ் வெண்கலத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவரைக் கிரேன் தூக்கிய நாளில் உயிருள்ள ஒரு பெண் குதியுயர்ந்த செருப்போடு ஏறக்குறைய நான்கு மணி நேரம் நின்று, தோள் கடுக்கக் கடுக்கச் சிறகுகளை உயர்த்தினார். சிலைக்கு வலிக்காது என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கொடிதான். 2010இல் நம் டர்பன் விமான நிலையத்தில், சிற்பி ஆண்ட்ரீஸ் போத்தா வடித்த சுலு அரசர் ஷாகாவின் சிலையை நிறுவினார்கள். ஆயுதமின்றி, மாடுகளோடு நின்ற அந்த ஷாகா மாடு மேய்க்கும் பையனைப் போலிருக்கிறார் என்று சுலு அரச குடும்பம் வருந்தியதால், சில வாரங்களிலேயே அரசரை அகற்றிவிட்டார்கள். மாடுகள் மட்டும் நின்றன. அன்று நம்மவர்கள் சிரித்தார்கள். கொடியில்லாத வள்ளியம்மையை ஒரு சிற்பி வடித்துத் தந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சேலையைக் கிழித்து அவள் கொடியாக்கினாள் என்று மேடைதோறும் சொல்கிறோம். அவளை நேரில் பார்த்த காந்தி, சுமார் பத்தாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியபோது, அந்தக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணைத்தான் அவர் எழுதினார். நல்ல உயரம் என்பதால் அவளுடைய மெலிந்த உடல் காணப் பயங்கரமாக இருந்தது என்றார். ஜொகானஸ்பர்க்கில் பிறந்து, தில்லையாடியைக் கண்ணாலும் காணாத அந்தப் பெண், காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறைசென்று, மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தாள். தேவைப்பட்டால் மறுபடியும் சிறைக்குப் போவேன் என்று அவள் சொன்னது அந்த உடம்போடுதான். அந்த உடம்பை மறைத்துவிட்டுத் திடகாத்திரமான வெண்கலத் தோளையும் கொடியையும் வைத்தால், அவள் என்ன கொடுத்தாள் என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். காய்ச்சலில் செத்த பிள்ளையைப் பார்க்க நமக்குக் கூசுகிறது, தம்பி. அந்தக் கூச்சத்துக்குத்தான் வீரம் என்று பெயர் வைத்துப் பீடமேற்றுகிறோம்.

சிலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மண்டேலா 1962இல் கைதான இடத்தில், ஹோவிக் அருகே, சிற்பி மார்கோ சியான்ஃபானெல்லி 2012இல் ஐம்பது இரும்புத் தூண்களை நட்டிருக்கிறார். நடைபாதையில் சுமார் 35 மீட்டர் தள்ளி, ஒரே ஓர் இடத்தில் நின்றால்தான் அவை முகமாகக் கூடும். இரண்டடி விலகினால் மூக்கு சிதறும், பக்கவாட்டில் போனால் வெட்டுப்பட்ட இரும்பும் நடுவே புல்வெளியும்தான் மிஞ்சும். எங்கே முகம் என்று கேட்ட ஒரு சிறுமியை அவளுடைய பாட்டி தோளைப் பிடித்து நகர்த்தி நகர்த்தி நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பவரைக் கேட்க வைக்கும் அந்த வேலையை நீங்கள் கேட்கும் வெண்கலம் செய்யாது.

டர்பனில் இடம் கிடைக்குமா, நகராட்சி ஒத்துக்கொள்ளுமா என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நன்கொடைச் சீட்டு அச்சடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோவிக்குக்குப் போய் வாருங்கள். சிலைக் குழுவில் இருப்பவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.