தாத்தாவின் ஜனதா: டயலில் கை வைக்காதீர்கள்

தாத்தாவின் பழைய ஜனதா கைக்கடிகாரம் சாவி கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது, மாயவரத்துக் கடைக்காரர் டயலுக்குப் பெயிண்ட் அடித்து மெஷினையும் மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். எச்எம்டி ஜனதா, உள்ளே தேய்மானம் குறைக்க 17 சிறு கல் வைத்த, கையால் சாவி கொடுக்கும் கடிகாரம். பல வருடம் பெட்டியில் கிடந்தால் எண்ணெய் பிசின் போல இறுகிவிடும். பெரும்பாலும் அதுதான் கோளாறு. பிரித்துக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். அதுவரை ஓட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே தேய்ந்துவிடும். டயல் மங்கியிருந்தால் இருக்கட்டும்! சேகரிப்பவர்கள் தேடுவதே அந்தப் பழைய எழுத்தைத்தான். கும்பகோணத்தில் பளபளப்பில் மயங்கி ஒன்று வாங்கினேன். பிறகு பார்த்தால் முள் ஒரு மாடல், டயல் வேறு மாடல். அப்புறம், ஐப்பசி அடைமழைக்குச் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.