வெளிநாட்டில் குடியேறிய உறவினர் யாராவது உங்கள் படிப்பை மாற்றியிருக்கிறாரா?

மாற்றியிருக்கிறார். என் அம்மாவின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுவோம். 1971-ல் கடலூரிலிருந்து கிளம்பி அமெரிக்காவில் கிளீவ்லேண்டில் குடியேறியவர். பணமும் அனுப்பினார், சித்திகளின் கல்யாணமும் அந்தப் பணத்தில்தான் நடந்தது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அவர் அனுப்பிய கணக்குகளைப் பற்றி.

தாத்தா திருப்பாப்புலியூரில் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் கணக்கெழுதியவர். மாமா தினமும் ரயிலில் சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்தார். 1964-ல் முடித்ததும் நெய்வேலியில் வேலை. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பயங்கர அழுத்தத்தோடு இருக்கிறது. அப்படியே தோண்டினால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த பம்புகளோடு ஏழு வருஷம் இருந்தார். எனக்கு இதைப் புரியவைக்க, ஒரு காலி டம்ளரை அண்டாத் தண்ணீருக்குள் நேராக அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். "கைய லேசா எடு பாப்பா." டம்ளர் துள்ளி மேலே வந்தது. "நெய்வேலியில அடியில இருந்து தள்ளுறது இதான்" என்றார்.

1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தும்வரை இந்தியர்களுக்கு அங்கே குடியேற இருந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்தான். அதன்பிறகு படிப்புக்கும் தொழிலுக்கும் முன்னுரிமை வந்தது. அந்த வழியில் போனவர்களில் மாமாவும் ஒருவர். அப்போதைய அந்நியச் செலாவணி விதிப்படி அவர் கையில் கொண்டுபோனது 8 டாலர். அங்கே போனதும் நம் ஊர்ப் பட்டத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் வேலை, இன்னொருவர் போட்ட திட்டத்துக்குக் கோடு இழுப்பது.

அவருக்கு வழி திறந்துவிட்டது ஓர் ஆறு. கிளீவ்லேண்ட் வழியாக ஓடும் குயஹோகா ஆற்றில் எண்ணெயும் கழிவும் மிதந்து, 1969-ல் ஆறே தீப்பிடித்து எரிந்தது. அது நாடு முழுக்கப் பேச்சாகி, 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்ட, செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசே கொடுத்தது. பம்பு தெரிந்த இன்ஜினியர்களைத் தேட ஆரம்பித்தார்கள். நெய்வேலியில் கற்றது அங்கே கைகொடுத்தது. உரிமம் வாங்க எட்டு எட்டு மணி நேரமாக இரண்டு பரீட்சை. பிள்ளைகள் தூங்கின பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்து, 36 வயதில் அதையும் முடித்தார். காலையில் பிள்ளைகளைக் கிளப்பி, ராத்திரி அந்த மேஜையைச் சுற்றிச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டது அத்தை. இதில் பாதிப் பங்கு அவருடையது.

இனி கணக்குக்கு வருகிறேன். 1983-ல் நான் பத்தாவது. மாதம் ஒரு நீலநிற ஏர்மெயில் காகிதம் வரும். அதற்குள் வேறு தாள் எதையும் வைக்கக் கூடாது. அதனால் நலம் விசாரிப்பதை நாலு வரியில் முடித்துவிட்டு, மிச்ச இடம் முழுக்க, மடிக்கும் ஓரம் வரைக்கும், பொடி எழுத்தில் எங்களுக்குக் கணக்கு போட்டிருப்பார். நானும் சித்தி பையன்கள் இரண்டு பேரும் செய்து திருப்பி அனுப்புவோம். ஒருமுறை தொட்டி நிரம்பும் கணக்கு. விடை 12 என்று எழுதி அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில், "12 என்ன? ஆடா, மாடா?" என்று இருந்தது. நிமிடம் என்ற ஒரு சொல்லை விட்டிருந்தேன். அந்தத் திருத்தம் என்னிடம் வந்து சேர ஒரு மாதம் ஆனது. நான் இன்று பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். அலகு எழுதாத விடைத்தாளைப் பார்த்தால் அந்தச் சிவப்பு மைதான் கண்ணில் நிற்கிறது.

பகல் முழுக்க வேலை, வீட்டில் சொந்தப் பிள்ளைகள், அதற்கு மேல் மூன்று பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவது. பணம் அனுப்புவது இதைவிடச் சுலபம் என்பது எனக்குச் சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

குறையும் உண்டு. தாத்தா 1979-ல் போனபோது தந்தி கொடுத்தும் மாமா வந்து சேர்ந்தது ஐந்தாம் நாள். தலைமகன் இல்லாமல் இறுதிச் சடங்கு நடந்ததை ஆயா கடைசிவரை மறக்கவில்லை. அம்மாவும் வருஷக்கணக்கில் அவரோடு சரியாகப் பேசவில்லை. மாமா ஒரு சமாதானமும் சொன்னதில்லை. தாத்தாவின் மண்டிக் கணக்குப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற பிறகு 2006 முதல் வருஷா வருஷம் டிசம்பரில் வந்து மூன்று மாதம் தங்குவார். திண்ணையில் கரும்பலகை சாத்திவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. முதுநகர்ப் பக்கம் போனால் ஆலைக் கழிவு கலந்த உப்பனாற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்பார். "எரிஞ்ச ஆத்துலயே மீன் திரும்பி வந்துச்சும்மா" என்பார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

2011 டிசம்பர் 30 விடியலில் 'தானே' புயல் கரையைக் கடந்தபோது அவர் ஊரில்தான் இருந்தார். பல நாள் கரண்ட் இல்லை. கூரை பறந்த வீட்டுப் பிள்ளைகள் நனைந்த நோட்டுகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மார்ச்சில் அரசுத் தேர்வு. மாமா தெருமுனை இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டார். பழைய பேப்பரை நடுவில் வைத்து, கரிப்பெட்டியை லேசாக ஓட்டி, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தார்கள். வேகமாகத் தள்ளினால் மை பரவிவிடும். அறுபத்தொன்பது வயதில் காலை ஏழு மணியிலிருந்து மாலைவரை திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பக்கம் பிரித்தார். அன்றைக்கு நோட்டு கொண்டுவந்த ஒரு பெண் இப்போது குடிநீர் வாரியத்தில் உதவிப் பொறியாளர்.

மாமா 2018-ல் கிளீவ்லேண்டில் காலமானார். அவர் பிள்ளைகள் அஸ்தியைக் கொண்டுவந்து தேவனாம்பட்டினத்துக் கடலில் கரைத்தார்கள். சாமான்களோடு அந்த மண்டிக் கணக்குப் புத்தகமும் திரும்பி வந்தது. அம்மா அதை வாங்கி, ஆயா படத்துக்குக் கீழே வைத்தார்.

திண்ணை வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இன்னும் நடக்கிறது. அவரிடம் படித்த இரண்டு பேரும் நானும் எடுக்கிறோம். கணக்குக்கு ஆள் இருக்கிறது. இன்ஜினியரிங் டிராயிங் சொல்லித்தரத்தான் ஆள் போதவில்லை. திருப்பாப்புலியூர்ப் பக்கம் இருப்பவர்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு வர முடிந்தாலும் கீழே எழுதுங்கள்.