ஸ்கேனரில் விளக்கு எரிகிறது, கார் மட்டும் பேச மறுக்கிறது

கேள்வி: என்னிடம் 2011 மாடல் சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. 450 ரூபாய்க்கு, இன்ஜின் கோளாறுகளைக் காட்டும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி, போனில் ஆப் போட்டு மூன்று மாதமாகப் பார்த்துவந்தேன். அதைச் செருகும் இடம் முழங்காலில் இடிப்பதால், ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டேஷ்போர்டுக்கு அடியில் கட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஆப் காரோடு இணைய மறுக்கிறது. ஸ்கேனரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவர்களுடைய ஸ்கேனரையும் மாட்டிப் பார்த்துவிட்டு, 'இசிஎம் போய்விட்டது, 14,000 ரூபாய் ஆகும்' என்கிறார்கள். கார் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றிவிடலாமா? ஸ்கேனரை எப்போதும் மாட்டியே வைத்திருக்கலாமா? (கரூர் வாசகர்)

பதில்: மாற்றாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்பக் கேளுங்கள்.

இன்ஜெக்டர் எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும், பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று சொல்வதே இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம்தான். அது போயிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் திணறும். உங்கள் வண்டி நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒர்க்‌ஷாப்காரர் தன் ஸ்கேனரை எதில் செருகினார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கட்டிவைத்த கேபிளின் நுனியில்தானே? அப்படியானால் அவர் சோதித்தது உங்கள் கேபிளை. கேபிளைக் கழற்றிவிட்டு நேராக ஒரு முறை செருகிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதைக்கூடச் செய்யாமல் 14,000 ரூபாய் சொல்கிறார்கள்.

விளக்கு எரிகிறதே என்று குழம்ப வேண்டாம். உங்கள் போனும் ஸ்கேனரும் பேசிக்கொள்வது ஒன்று, ஸ்கேனரும் காரும் பேசிக்கொள்வது வேறு. ப்ளூடூத்தில் 1234 என்ற கடவு எண்ணைப் போட்டு இணைந்துவிட்டது என்றால் முதல் பேச்சு சரி, அவ்வளவுதான். ஸ்கேனரைச் செருகும் சாக்கெட்டில் 16 பின்களுக்கு இடம் உண்டு. சிவப்பு விளக்கு எரியத் தேவை அதில் இரண்டே பின்கள்: 16-ஆம் பின்னில் பேட்டரி கரன்ட், 4-ஆம் பின்னில் எர்த். காரோடு பேச வேறு பின்கள் வேண்டும்.

இங்கேதான் பழைய வண்டிகளின் சிக்கல். புதிய வண்டிகள் 'கேன்' என்ற முறையில், 6, 14 ஆகிய இரண்டு பின்கள் வழியாகப் பேசுகின்றன. பழைய வண்டிகள் பலவும் 'கே லைன்' என்ற ஒற்றைக் கம்பியில், 7-ஆம் பின் வழியாகப் பேசுகின்றன. மலிவு கேபிள்களில் சில, கேன் வண்டிக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும் போதுமான ஐந்தாறு கம்பிகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை. அதில் 7-ஆம் கம்பியே இருக்காது. உங்கள் கேபிளும் அப்படிப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கேபிளைக் கழற்றுங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போது ஸ்கேனரை நேராகக் காரில் செருகி, பிறகு சாவியை ஆனில் வையுங்கள். ஆப் உடனே இணையாவிட்டால் பதறாதீர்கள், சில கே லைன் வண்டிகளை எழுப்புவதற்கே 2 நொடிக்கு மேல் பிடிக்கும். இணைந்ததும் ஆப்பில் புரோட்டோகால் என்று ஒரு வரி இருக்கும். அதில் ஐஎஸ்ஓ 9141 அல்லது 14230 என்றிருந்தால் கே லைன், 15765 என்றிருந்தால் கேன். அதை ஆர்சி புத்தகத்தின் உறையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் மேனுவலில் இந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்தால் கிடைக்காது, 'அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்' என்றுதான் இருக்கும். நம் நாட்டில் பிஎஸ் 4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில், இன்ஜின் தன் கோளாறுகளைத் தானே பதிவு செய்து இந்த சாக்கெட் வழியாகச் சொல்லும் கண்காணிப்பு முறையின் (ஓபிடி) முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாகின. வண்டியின் சொந்தக்காரருக்கு அதில் என்ன பயன் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதில்லை. பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கப் போனால் சைலன்சரில் குழாயை விட்டுப் பார்க்கிறார்களே தவிர, இந்த சாக்கெட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நேராகச் செருகினால் வேலை செய்து, கேபிள் வழியாக மட்டும் செய்யவில்லை என்றால் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடலாம். உறுதி செய்ய வேண்டுமானால் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வையுங்கள். துளைகள் உள்ள முனையை, அகலமான பக்கம் மேலே வரும்படி பிடித்தால், மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசையில் 9 முதல் 16. பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் இது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறும். இரு முனையிலும் 7-ஐத் தொட்டால் பீப் வர வேண்டும். கண்ணால் எண்ணி '16 பின்னும் இருக்கிறது' என்று திருப்திப்படாதீர்கள். பின் இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. ஒரு கேபிளை நானே பிளேடால் கீறிப் பார்த்திருக்கிறேன். வெளியே 16 பின் பளபளவென்று இருந்தன. உருண்டைக் கேபிளுக்குள் வந்தது ஆறு கம்பி. அதனால் புதிதாக வாங்கும்போது '16 பின்' என்று கேட்காமல் '16 கம்பியும் இணைத்ததா' என்று கேளுங்கள். பட்டையான ரிப்பன் கேபிளில் கம்பிகளை எண்ணிவிடலாம். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் கேபிள் மட்டும் வேண்டாம். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் எதற்கும் ஒழுங்காகப் பதில் வராது.

கேபிளைக் கட்டும் இடத்தில் விளையாட்டு கூடாது. என்னிடம் வந்த ஒரு வண்டியில் கேபிள் தொங்கித் தொங்கி, அதன் முனை பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் மாட்டியிருந்தது. அந்த அம்மா 'பிரேக் பாதியில் நிற்கிறது' என்று சொல்லித்தான் வந்தார். நல்லவேளை, தெருமுனையில் தெரிந்தது. ஒரு முழத்துக்குள் இருக்கும் கேபிளாக வாங்கி, அசையாத தகட்டில் டை போட்டு இறுக்குங்கள். ஸ்டியரிங் தண்டில் கட்டாதீர்கள், மஞ்சள் உறை போட்ட கம்பிகளோடும் கட்டாதீர்கள், அவை ஏர்பேக் கம்பிகள்.

ஸ்கேனரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 450 ரூபாய் ஸ்கேனர்கள் பெரும்பாலும் எல்ம் 327 என்ற கனடா சிப்பின் நகல்கள். பலவற்றில் 'வெர்ஷன் 1.5' என்று போட்டிருக்கும். அசல் கம்பெனி அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. மூன்று மாதம் உங்கள் வண்டியோடு பேசியிருக்கிறது என்பதால் உங்களுக்கு இது போதும். ஆனால் அது காட்டும் கோளாறு எண்ணை மட்டும் வைத்துப் பொருள் வாங்காதீர்கள். பி0171 வந்தால் 'ஆக்ஸிஜன் சென்சார் மாற்று' என்று கடையில் சொல்வார்கள். அந்த எண் சொல்வது, கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது மட்டுமே. கிழிந்த வேக்குவம் குழாயாகவும் இருக்கலாம், அதற்கு ஐம்பது நூறு ரூபாய்தான். கோளாறு எண்ணை அழிப்பதும் ரிப்பேர் அல்ல. கோளாறு வந்த நொடியில் இன்ஜின் எப்படி இருந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துவிடும், அப்புறம் நல்ல மெக்கானிக்கிடம் போனாலும் அவர் இருட்டில்தான் தேட வேண்டும். எழுதிக்கொள்ளாமல் யாரையும் அழிக்க விடாதீர்கள்.

எப்போதும் மாட்டி வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 16-ஆம் பின்னில் சாவி ஆஃபில் இருந்தாலும் கரன்ட் இருக்கும். மலிவு ஸ்கேனர்கள் தூங்குவதில்லை. 40 மில்லிஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் அவர் போகும். சிறிய கார்களில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி, பழசாகியிருந்தால் அதுவும் முழுதாக இருக்காது. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால் செல்ஃப் எடுக்காமல் போகலாம். தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரியாமலே போகலாம், ஆனாலும் 1234 தெரிந்த யாரும் பக்கத்தில் நின்று அதோடு இணையலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் வைத்த கேபிள் கிடைக்கிறது, அணைக்க மறக்காதவர் வாங்கலாம். நான் என் வண்டியில் பார்த்து முடித்ததும் கழற்றி குளோவ் பாக்ஸில் போட்டுவிடுகிறேன்.

நேராகச் செருகியும் இணையவில்லை என்றால், வேறு ஒரு ஸ்கேனரை, அதுவும் நேராகச் செருகிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் 7-ஆம் கம்பி சாக்கெட்டின் பின்னால் கழன்றிருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். இசிஎம்மில் பேசும் பகுதி மட்டும் போவது அபூர்வம், இவ்வளவும் பார்த்த பிறகு அதை யோசிக்கலாம்.