மாத்திரைக்குக் கேட்டுவந்த வைரஸ் இப்போது ஏன் கேட்கவில்லை?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகத் தெரிந்ததிலிருந்து ஆறு வருடமாக லேமிவுடின் சாப்பிடுகிறார். முதல் மூன்று வருடம் ரத்தத்தில் வைரஸே இல்லை என்றுதான் ரிப்போர்ட் வந்தது. இப்போது எண்ணிக்கை எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. டாக்டர் டெனோஃபோவிருக்கு மாற்றியிருக்கிறார். ஒழுங்காக மாத்திரை போடாததுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் அவரைத் திட்டுகிறோம். இதே நோய்க்கு அவருடைய அண்ணன் என்டெகாவிர் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். அதையே இவருக்கும் வாங்கலாமா?

பதில்: முதலில், அவரைத் திட்டுவதை நிறுத்துங்கள். மாத்திரையை அடிக்கடி விட்டாலும் வைரஸ் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் லேமிவுடினைப் பொறுத்தவரை, ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டவர்களுக்கும் இது நடக்கிறது. முதல் வருட முடிவிலேயே ஐந்தில் ஒருவருக்கு மருந்து எதிர்ப்பு வந்துவிடும். ஐந்து வருடத்தில் அது 70 சதவீதத்தை நெருங்கும். 1998-ல் இந்த மாத்திரை வந்தபோது, ஊசியில்லாமல் ஹெபடைட்டிஸ் பி-யை அடக்க வழி கிடைத்ததே என்று பெரிதாக வரவேற்கப்பட்டது. அதன் பலவீனம் போகப்போகத்தான் தெரிந்தது.

இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது நிறையப் பிழை செய்யும். அவற்றைத் திருத்திக்கொள்ளும் வசதி அதற்குக் கிடையாது. நகலெடுக்கும் நொதியில் 204-வது இடம் ஒன்று மாறினாலே போதும், லேமிவுடின் அங்கே பொருந்தாமல் போய்விடும். மற்ற வைரஸ்களை மருந்து அடக்கிக்கொண்டிருக்க, மாறிய வைரஸ் மட்டும் தடையில்லாமல் பெருகும். உங்கள் கணவருக்கு நான்காவது வருடத்திலிருந்து நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அண்ணனுக்குக் கேட்கும் மருந்து தம்பிக்கு ஏன் சரிவராது என்பதற்கும் இதே 204-வது இடம்தான் காரணம். என்டெகாவிரை எதிர்க்க வைரஸ் பல மாற்றங்களை அடைய வேண்டும். எடுத்த எடுப்பிலேயே என்டெகாவிர் தொடங்கியவர்களில், ஐந்து வருடத்தில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் எதிர்ப்பு வருகிறது. ஆனால் லேமிவுடினுக்கு எதிர்ப்பு வந்த வைரஸ் முதல் படியை ஏற்கெனவே ஏறிவிட்டது. அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதே ஐந்து வருடத்தில் என்டெகாவிரும் கைவிட்டுவிடுகிறது. டெனோஃபோவிர் அப்படியல்ல. எட்டு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்விலும் அதற்கு உறுதியான எதிர்ப்பு தென்படவில்லை. உங்கள் டாக்டர் செய்தது மிகச் சரியான மாற்றம். லேமிவுடினைக் கூடவே தொடரத் தேவையில்லை. டெனோஃபோவிர் மட்டும் போதும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மருந்து வேலை செய்யவில்லை என்று மனம் வெறுத்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போகிறவர்கள் உண்டு. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வைரஸ் சீறி எழும். மஞ்சள் காமாலை முற்றி, கல்லீரலே செயலிழந்துபோன நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள். ஊருக்குப் போகும்போது பத்து நாள் மாத்திரையைக் கூடுதலாக எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து வைரஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். இறங்கிக்கொண்டிருந்தால் நல்லது, உடனே பூஜ்யமாக வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால், அது சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். மூட்டுவலி, முதுகுவலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடச் சொல்லுங்கள்; அதுவும் சிறுநீரகத்தைத்தான் தொடும். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், ஆறு வருடம் லேமிவுடின் சாப்பிட்டதை முதலில் சொல்லுங்கள். மாறிய வைரஸின் நகல் கல்லீரல் செல்களுக்குள் பதுங்கியே இருக்கும். ரிப்போர்ட்டில் தெரியாவிட்டாலும் பழைய மாத்திரைக்குத் திரும்பினால் மறுபடி தலைதூக்கும்.

உங்களையும் பிள்ளைகளையும் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எல்லோருக்கும் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தொற்று இல்லாமலும் தடுப்பூசி போடாமலும் இருப்பவர்களுக்கு மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று.