பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம், போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?

வான்வழியில் சுமார் 14,000 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானம் என்றால் ஏறக்குறைய 17 மணி நேரம். பிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் தூரமே 16,500 ஆகிவிடும். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான், ஆனால் இதைக் கேட்கிற நீங்கள் அம்மாவையோ அப்பாவையோ தனியாக அனுப்பப் போகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதனால் எங்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் பிரசவத்துக்கு அம்மாவை அல்சூரிலிருந்து அனுப்பினோம். டிக்கெட்டில் புறப்பாடு விடிகாலை 3 மணி, இறங்குவது அதே தேதி மதியம் 2 மணி. "பதினோரு மணி நேரம்தாம்மா, நடுவுல ஒரு இடத்துல மாறணும்" என்று சொன்னது நான்தான். இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பது எனக்கு உறைக்கவில்லை. கோடையில் அங்கே நம்மைவிட 12½ மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13½. அம்மா போனது கோடையில், ஆக உண்மையில் 23½ மணி நேரம். முதல் நாள் இரவு 10 மணிக்கே வீட்டை விட்டு தேவனஹள்ளி விமான நிலையத்துக்குக் கிளம்பியது, சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் இமிகிரேஷன் வரிசை, அப்புறம் அக்கா வீடு இருக்கும் சான்ஹோசே வரை கார், எல்லாம் சேர்த்தால் 31.

அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கி, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று காகிதத்தில் மடித்து, மேலே பேனாவால் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தார். இருட்டியதும் இரவு மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்திருக்கிறார். பிராங்க்ஃபர்ட்டில் காலை 11 மணிக்குக் கிளம்பி சூரியனோடு கூடவே மேற்கே போகிற விமானம், இருட்டவே இல்லை. அக்கா வீட்டுக்காரர் அழைக்கப் போனபோது பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. வீட்டில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 340.

நிற்காத விமானத்தில் அனுப்பியிருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். அத்தனை நேரம் ஒரே இருக்கையில் அம்மாவின் முழங்கால் தாங்காது, நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடக்கட்டும் என்றுதான் அப்படிப் போட்டோம், காசுக்காக இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒருவர் அமெரிக்கா போகிறார் என்று தெரிந்தாலே "ஒரு கிலோதான், எங்க பொண்ணுக்கு" என்று வத்தலையும் பருப்புப் பொடியையும் கொண்டுவந்து திணிக்கிறார்கள். எங்கள் டிக்கெட்டில் பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. கவுண்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, அம்மா தன்னுடைய ஸ்வெட்டரைத்தான் வெளியே எடுத்தார், அடுத்த வீட்டுப் பொட்டலத்தை எடுக்க மனசு வரவில்லை. வயதானவர்களிடம் தயவுசெய்து எதையும் கொடுத்தனுப்பாதீர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எந்த மாத்திரை எப்போது என்று டாக்டரிடம் கேட்டு (நான் டாக்டர் இல்லை), இந்திய நேரத்திலேயே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கைக்கடிகாரத்தை மாற்றவே வேண்டாம் என்று சொல்லுங்கள். போனில் நேரம் தானாக மாறிவிடும், அதைப் பார்த்தால் குழம்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது அம்மா அப்படித்தான் வந்தார், ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பவில்லை.