மரண சாசனத்தில் தருமக் கொடை: எதை, யாருக்கு, எப்படி எழுதுவது?

கேள்வி: எனக்கு வயது 68. ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் காலமாகிவிட்டார். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு ஒன்றும் வங்கியில் நிலையான வைப்புகளும் உண்டு. பிள்ளைகள் இருவரும் கனடாவில். சொத்தில் ஒரு பகுதியை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் யாழ்ப்பாணத்தில் நான் படித்த பாடசாலைக்கும் எழுதிவைக்க விருப்பம். எப்படி எழுதுவது? பிள்ளைகள் பிறகு எதிர்க்க முடியுமா?

பதில்: இலங்கைச் சட்டத்தில் பிள்ளைகளுக்கென்று கட்டாயப் பங்கு கிடையாது. 1844ஆம் ஆண்டின் மரண சாசனக் கட்டளைச் சட்டம், உங்கள் சொத்தை விரும்பியவருக்கு எழுதும் சுதந்திரத்தைத் தருகிறது. சாசனம் முறைப்படி ஒப்பமிடப்படவில்லை, எழுதும்போது தெளிந்த மனநிலை இருக்கவில்லை, யாரோ வற்புறுத்தினார்கள், கையெழுத்து போலி என்ற வகையில்தான் எதிர்க்கலாம். ஆகவே கொடை பெறும் அமைப்பிலிருந்து எவரையும், சாசனத்தை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசிடம் கூட்டிப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடுவதும் நல்லது. இறந்தபின் தெரியவரும் கொடைதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

உண்மையில் இத்தகைய கொடைகள் பிள்ளைகளால் கெடுவது குறைவு. தன்னுடையது எவ்வளவு என்று தெரியாமல் எழுதுவதும், பெறுபவர் யாரென்று விளங்காமல் எழுதுவதுமே கூடுதலாகக் கெடுக்கின்றன.

முதலில் வீட்டின் உறுதியை (உரிமைப் பத்திரத்தை) எடுத்துப் பாருங்கள். அது கணவர் பெயரிலோ இருவர் பெயரிலோ இருந்து, அவர் சாசனம் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய பங்கில் ஒரு பகுதி ஏற்கெனவே பிள்ளைகளுக்குப் போய்விட்டது. உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் எழுத முடியும். உங்கள் திருமணம் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டதென்றால், திருமண காலத்தில் வாங்கிய வீடு யார் பெயரில் இருந்தாலும் தேடிய தேட்டமாகலாம் (திருமண காலச் சம்பாத்தியம்), கணக்கு வேறாகும். கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்தோம் என்பதால் மட்டும் தேசவழமை விட்டுப்போகாது. சட்டத்தரணி கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். ‘மகரகம ஆஸ்பத்திரிக்கு’ என்று எழுதினால் போதாது. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்ஷா வைத்தியசாலை சுகாதார அமைச்சின் கீழுள்ள அரச நிறுவனம். அதன் நோயாளருக்காகப் பணம் சேர்க்கும் தொண்டு அமைப்புகள் வேறு. கொடை எந்தப் பெயரில், எந்த நிதிக்கு ஏற்கப்படும் என்று வைத்தியசாலைப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதி, பதிலைச் சாசனத்தின் பிரதியோடு வைத்திருங்கள். பாடசாலை விடயம் இதைவிடச் சிக்கல். ஒரே பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் தாய்ச் சங்கம், கொழும்பில் கிளை, லண்டனிலும் ரொறன்ரோவிலும் கிளைகள் என்று இருக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தனி. அனைத்தும் ஏறக்குறைய ஒரே பெயரோடு உங்கள் பணத்துக்கு உரிமை கோரலாம். முழுப்பெயர், பதிவிலக்கம், முகவரி மூன்றையும் எழுதுங்கள். பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டதா, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியா, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தில் பதிந்த தொண்டர் அமைப்பா என்றும் கேளுங்கள். கூட்டிணைக்கப்படாத, அதாவது சட்டத்தின் முன் தனி ஆளாகக் கருதப்படாத சங்கம் தன் பெயரில் காணியை வைத்திருக்க முடியாது. அதற்காகச் சொத்தை வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் வேண்டும். அத்தகைய சங்கத்துக்கு வீட்டை அல்ல, பணத்தை எழுதுங்கள்.

எவ்வளவு? தொகையாக எழுதாமல் பங்காக எழுதுவதே எங்கள் ஆலோசனை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 வீதம் ஏறியது. அதற்கு முன் ஐந்து இலட்சம் என்று எழுதியவரின் கொடை, ஒரு சொல்லும் மாறாமலே சுருங்கிவிட்டது. மறுபக்கம், வைத்தியச் செலவில் சேமிப்புக் கரைந்தால் நிலையான தொகை பிள்ளைகளின் பங்கையே விழுங்கும். வாசகம் இப்படி அமையலாம் (நிறைவேற்றுநர் என்பவர் சாசனத்தை நடைமுறைப்படுத்த நீங்கள் பெயரிடுபவர்): “என் கடன்களும் ஈமச் செலவும் ஏனைய செலவுகளும் தீர்ந்தபின் எஞ்சும் சொத்தில் நூற்றுக்கு 15 பங்கை, இன்ன இலக்கத்தில் பதிவுசெய்யப்பட்ட இன்ன அமைப்பின் பொது நோக்கங்களுக்குக் கொடுக்கிறேன். அதன் பொருளாளரின் பற்றுச்சீட்டு நிறைவேற்றுநருக்குப் போதுமானது. அவ்வமைப்பு அப்போது இயங்காவிட்டால், அதேபோன்ற நோக்கமுள்ள வேறோர் அமைப்பை நிறைவேற்றுநர் தெரிவுசெய்யலாம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘எட்டாம் வகுப்பு மாணவிக்கு வருடந்தோறும் சயிக்கிள்’ போன்ற நுண்ணிய நிபந்தனைகள் வேண்டாம். பத்து வருடத்தில் நிறைவேற்ற முடியாததாகிவிடும். நிரந்தரப் புலமைப்பரிசில் நிதிதான் வேண்டுமென்றால், பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

ஒப்பமிடும் முறையைச் சட்டம் கண்டிப்பாகக் கேட்கிறது: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க, சாசனத்தின் முடிவில் நீங்கள் ஒப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் முன் ஒப்பமிடவும் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் அதைப் பரிந்துரைக்கமாட்டோம். பதினைந்து வருடம் கழித்து அந்தச் சாட்சிகளைத் தேடுவது நிறைவேற்றுநருக்குப் பெரும்பாடு. கொடை பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. தமிழில் எழுதுவதானால் தமிழ் மொழியில் அனுமதிபெற்ற நொத்தாரிசைத் தேடுங்கள்.

நிலையான வைப்புகளுக்கு வங்கியில் பின்னுரித்தாளர் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? மகளின் பெயர் இருந்தால் வங்கி பணத்தை அவரிடம் கொடுத்துவிடும். சாசனப் பங்கீட்டுக்கு அது வராமலே போகலாம். ஊழியர் சேமலாப நிதியும் அப்படித்தான். சாசனம் எழுதும் வாரத்திலேயே இந்தப் படிவங்களையும் சரிபாருங்கள்.

நிறைவேற்றுநராகக் கனடாவிலுள்ள மகனை மட்டும் போடாதீர்கள். சாசனத்தை ஏற்று நீதிமன்றம் தரும் புரொபேட் ஆணையைப் பெற அவர் புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அதற்கு, தனக்காக இங்கே செயற்பட ஒருவருக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் அனுப்புவதிலேயே மாதங்கள் போகும். கொழும்பில் உள்ள ஒருவரையும், அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் குறிப்பிடுங்கள். நீதிமன்றத்தில் மூலப்பிரதியையே ஒப்படைக்க வேண்டும் என்பதால், அதை உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைக்க வேண்டாம். நீங்கள் இறந்தபின் வங்கி அதைத் திறக்க விடாது. எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுநர் அறிந்திருக்கட்டும்.