கொடியேற்றிய நாளிலும் பழைய கூலிதானா?

கேள்வி: மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் ஆறு வருடமாக நாள் கூலிக்கு வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, உடனே சதை எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். வழக்கமான கூலிதான் தந்தார்கள். கிறிஸ்துமசுக்கு வராவிட்டால் அன்றைய காசு கிடையாது. "நாள் கூலிக்கு ஏது சம்பளத்தோட லீவு?" என்கிறார் சூப்பர்வைசர். அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சரியில்லை, சகோதரி. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1958-இல் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்துவிட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் சம்பளத்தோடு விடுமுறை. அதோடு பண்டிகைக்கு 5 நாள். நாள் கூலி என்பதற்காக இது இல்லையென்று ஆகிவிடாது. அவசர வேலை என்று கூப்பிட்டால், அன்றைக்கு இரட்டைக் கூலி வாங்கலாம். அல்லது அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு, வேறொரு நாள் சம்பளத்தோடு லீவு எடுக்கலாம். இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான், சூப்பர்வைசர் அல்ல.

கிறிஸ்துமஸ் விஷயம் கொஞ்சம் வேறு. அந்த 5 பண்டிகைகள் எவை என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்துதான் அரசு ஆய்வாளர் குறிக்க வேண்டும். இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். நம் கரையில் ஒரே மேசையைச் சுற்றி மூன்று மதத்துப் பெண்களும் உட்கார்ந்து நண்டு உடைக்கிறார்கள். பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் போக மிச்சமிருக்கும் ஒரு நாள் எதற்கு என்று உங்களை யாராவது கேட்டார்களா? தங்கச்சிமடம் சந்தியாகப்பர் தேவாலயத் திருவிழாவைக்கூட நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். முதலில் இந்த வருடப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்; அதில் கிறிஸ்துமஸ் இருந்தால், அன்றைக்கும் சம்பளத்தோடு லீவுதான்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். ஒருத்தி கேட்டால் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். இருபது பேரிடம் அப்படிச் சொல்ல முடியாது, நண்டு கெட்டுப்போகும். அப்புறமும் மறுத்தால், எல்லோரும் கையெழுத்துப் போட்டு ராமநாதபுரம் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். தேசிய விடுமுறை நாட்களில் தொழிலாளர் துறையினர் கடை, கம்பெனிகளைச் சோதனை செய்வது வழக்கம். அதனால் அக்டோபர் 2-க்கு முன்னாலேயே மனு போய்ச் சேரட்டும்.

மறக்காமல் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, வேலை நேரம், வாங்கிய கூலி மூன்றையும் எழுதி வாருங்கள். கம்பெனி பதிவேட்டில் உங்கள் பெயரே இல்லாமல் போனாலும், அந்த நோட்டும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் சாட்சியும் கைகொடுக்கும்.